விலகிய தோள்மூட்டைப் படத்தில் தேடுவது எப்படி: எக்ஸ்ரே முதல் எம்.ஆர்.ஐ. வரை முழுமையான வழிகாட்டி

இரவில் வலிப்பு வந்து கட்டிலிலிருந்து விழுந்தவர் அவர். நாற்பதைத் தாண்டிய வயது. மறுநாள் காலையில் வலது தோள் வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். முன்பக்கத்திலிருந்து ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ‘எலும்பு முறிவு இல்லை’ என்று சீட்டில் எழுதி, வலி மாத்திரையும் ஸ்லிங் பட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து எங்கள் பிரிவுக்கு வந்தபோது அவர் சொன்ன குறை இதுதான்: “முகம் கழுவ இரண்டு கையையும் ஏந்தினால் இடது கையில் தண்ணீர் நிற்கிறது, வலது கையில் நிற்க மாட்டேன் என்கிறது ஐயா. உள்ளங்கை மேலே திரும்பவே இல்லை.”

அவர் கொண்டுவந்திருந்த பழைய படத்தை ஒளிப்பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். மேற்கை எலும்பின் தலை மின்விளக்குக் குமிழைப் போல வட்டமாகத் தெரிந்தது. அக்குள் வழியாக இன்னொரு படம் எடுத்ததும் விடை கிடைத்துவிட்டது. தோள்மூட்டு பின்பக்கமாக விலகி, ஐந்து வாரமாக அப்படியே பூட்டிக்கொண்டு கிடந்தது. முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து, தோலைக் கீறாமலே பொருத்தியிருக்க வாய்ப்பு இருந்தது. இப்போது அறுவை சிகிச்சைதான் வழி. தவறவிட்ட அந்த இரண்டாவது படத்தை எடுக்கச் சில நிமிடங்களே ஆகியிருக்கும்.

அவரை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்கள், எக்ஸ்ரே டெக்னீஷியன்கள், தன் கையில் இருக்கும் படத்தில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பும் நோயாளிகள் என மூன்று தரப்பினருக்கும் பயன்பட வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் மூட்டைத் தெரிந்துகொள்வோம்

ஓர் அகல் விளக்கை அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். அதன் ஆழமில்லாத குழியில் ஒரு சாத்துக்குடியைப் பக்கவாட்டில் பொருத்திப் பாருங்கள். தோள்மூட்டு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. சாத்துக்குடி, மேற்கை எலும்பின் தலை. அகல், தோள்பட்டை எலும்பின் குழி: மேலே குறுகி, கீழே அகன்ற பேரிக்காய் வடிவம். எலும்புத் தலையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட அந்தக் குழி தாங்குவதில்லை. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது இதனால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் அதிகமாக விலகுவது இதுவாக இருப்பதற்கும் காரணம் இதே அமைப்புதான்.

அகலின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் ஒட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது லேப்ரம் என்ற நார்க்குருத்தெலும்பு. அதிலிருந்து கிளம்பும் தசைநார்கள் எலும்புத் தலையை அணைத்துப் பிடிக்கின்றன. அவற்றில் கீழ்ப்புறத்துத் தசைநார் மிக முக்கியமானது. அதற்கு மேல் நான்கு தசைகளின் நாண்கள் சேர்ந்த ரொட்டேட்டர் கஃப் என்ற உறை போர்த்தியிருக்கிறது. மூட்டு விலகும்போது இந்த அடுக்குகளில் எது கிழிந்தது, எது தப்பியது என்பதைச் சொல்வதுதான் படங்களின் வேலை.

தோள்மூட்டு விலகல்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு முன்பக்கமாக நடப்பவை. கபடி ஆட்டத்தில் பாடிப்போகிறவர் கையை வீசி நீட்டும்போது, பிடிப்பவர் அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துத் திருகினால் போதும், எலும்புத் தலை முன்புறமாக நழுவிவிடும். இருசக்கர வாகனத்திலிருந்து கையை ஊன்றி விழுவதும் அப்படியே. பின்பக்க விலகல் 2 முதல் 4 விழுக்காடு வரைதான். வலிப்பும் மின்சாரத் தாக்குதலும் அதன் வழக்கமான காரணங்கள். உடலின் தசைகளெல்லாம் ஒரே நேரத்தில் இறுகும்போது, கையை உட்புறம் திருப்பும் வலுவான தசைகள் வென்று தலையைப் பின்னே தள்ளிவிடுகின்றன. நேர் கீழாக விலகுவது மிக அரிது. அப்படி வருபவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே வருவார், இறக்க முடியாது. ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

முதல் படி: படத்துக்கு முன் ஆளைப் பாருங்கள்

நோயாளி எக்ஸ்ரே அறைக்கு வருவதற்குள் செய்துவிட வேண்டியவை சில உண்டு. மணிக்கட்டில் நாடித்துடிப்பு இருக்கிறதா, விரல்கள் சூடாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தோளின் வெளிப்புறத்தில், சட்டைக் கையில் பட்டாளச் சின்னம் தைக்கும் இடத்தில், தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள். அந்தத் தோல் பகுதிக்கும் டெல்டாய்டு தசைக்கும் போகிற அக்குள் நரம்பு, மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. விலகும் தலை அதை இழுத்து நசுக்கிவிடும். பார்த்ததை நேரத்தோடு எழுதிவையுங்கள். மூட்டைப் பொருத்திய பிறகு கை மரத்திருந்தால், அது விபத்தால் வந்ததா சிகிச்சையால் வந்ததா என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பு ஒன்றே பதில்.

வயதான ஒருவருக்கு அக்குளில் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், நாடி துடிக்கிறதே என்று சமாதானம் அடைந்துவிடாதீர்கள். அக்குள் தமனி கிழிந்திருந்தாலும் பக்கக் கிளைகள் வழியாக ரத்தம் ஓடி, மணிக்கட்டில் நாடி தட்டும். அவருக்குத் தேவை ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம். அதையும் உடனே எடுக்க வேண்டும்.

படம் கேட்டு எழுதும் சீட்டில் ‘தோள் வலி, எக்ஸ்ரே’ என்று மட்டும் எழுதாதீர்கள். எப்படி விழுந்தார், வலிப்பு வந்ததா, இது முதல் தடவையா, வழியில் யாராவது இழுத்துப் பார்த்தார்களா என்ற நான்கையும் எழுதினால், படம் எடுப்பவரும் படிப்பவரும் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். எண்ணெய்க் கட்டோடு மூன்று வாரம் இருந்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. அதையும் தயங்காமல் கேட்டு எழுதுங்கள். நாள்பட்ட விலகலை முரட்டுத்தனமாக இழுத்தால் எலும்பு முறியும்.

இரண்டாம் படி: மூன்று கோணத்தில் எக்ஸ்ரே

எக்ஸ்ரே என்பது நிழல். ஒரு திசையிலிருந்து விழும் நிழலை வைத்து, பொருள் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விபத்துக்குப் பிறகு தோளுக்குக் குறைந்தது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு படங்கள் வேண்டும். மூன்று இருந்தால் நல்லது.

முதலாவது நேர்ப்படம். நோயாளியை வெறுமனே மார்பு எக்ஸ்ரேக்கு நிறுத்துவதுபோல் நிறுத்தினால், தோள்குழி சாய்வாகத் தெரிந்து எலும்புத் தலையின் நிழலோடு கலந்துவிடும். தோள்பட்டை எலும்பு முதுகில் தட்டையாகப் படிந்திருக்கவில்லை, முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. எனவே அடிபட்ட பக்கமாக உடலை 35 முதல் 45 பாகை வரை திருப்பி, தோள்பட்டை எலும்பு படத்தகட்டோடு சேர்ந்து படியும்படி நிறுத்துங்கள். இதற்குக் கிராஷி கோணம் என்று பெயர். சரியாக எடுத்தால் தலைக்கும் குழிக்கும் நடுவே ஒரு தெளிவான கறுப்பு இடைவெளி தெரியும். அந்த இடைவெளி மறைந்தால், ஒன்று உடல் சரியாகத் திரும்பவில்லை, அல்லது மூட்டு இடத்தில் இல்லை.

இரண்டாவது, தோள்பட்டை எலும்பை விளிம்பிலிருந்து பார்க்கும் ஒய் படம். கையை அசைக்கவே வேண்டியதில்லை என்பதால் நோயாளிக்கு எளிது. ஆங்கில எழுத்து ஒய்யின் தண்டு தோள்பட்டை எலும்பின் உடல். முன்னே போகும் கிளை கொரகாய்டு முனை, பின்னே போகும் கிளை அக்ரோமியான். மூன்றும் கூடும் இடத்தில் குழி. தலை அந்தச் சந்திப்பின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொரகாய்டின் அடியில் போயிருந்தால் முன்பக்க விலகல், அக்ரோமியானின் அடியில் போயிருந்தால் பின்பக்க விலகல். ஆனால் இந்தப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். உடல் சற்றே கூடுதலாகத் திரும்பினாலும், கொஞ்சமாகப் பின்னே நழுவிய தலை நடுவில் இருப்பதுபோலவே தெரியும்.

மூன்றாவதுதான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது: அக்குள் படம். படத்தகட்டைத் தோளின் மேல் வைத்து, கதிரை இடுப்புப் பக்கத்திலிருந்து அக்குளை நோக்கி அனுப்புகிறோம். குழியும் தலையும் முன்னே பின்னே எப்படி இருக்கின்றன என்பதைக் கீழிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இது காட்டிவிடும். பல இடங்களில் இதை எடுக்காமல் விடுவதற்குச் சொல்லும் காரணம், ‘வலியில் கையைத் தூக்க முடியவில்லை’ என்பது. முழுவதும் தூக்கத் தேவையே இல்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, மருத்துவர் ஒருவர் ஈயக் கவசம் அணிந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டு 20 அல்லது 30 பாகை மெதுவாக விலக்கினால் போதும். அந்த இடைவெளியில் படம் விழுந்துவிடும்.

அதுவும் முடியவில்லை என்றால் வெல்போ முறை இருக்கிறது. ஸ்லிங்கைக் கழற்றவே வேண்டாம். நோயாளி மேசை விளிம்பில் முதுகைச் சாய்த்து 20 முதல் 30 பாகை பின்னால் வளைந்து நிற்பார். தகடு மேசைமேல் தோளுக்கு நேர் கீழே இருக்கும், கதிர் மேலிருந்து செங்குத்தாக இறங்கும். படம் சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். கை அசையாமல் இரண்டாவது கோணம் கிடைத்துவிடுகிறது. இதை ஒரு தடவை செய்து பழகிய டெக்னீஷியன் பிறகு ஒருபோதும் ‘எடுக்க முடியாது’ என்று சொல்ல மாட்டார்.

மூன்றாம் படி: படத்தைப் படிப்பது

முன்பக்க விலகல் கண்ணுக்கு எளிதில் படும். தலை உள்பக்கமாகவும் கீழாகவும் இறங்கி, பெரும்பாலும் கொரகாய்டு முனைக்கு அடியில் நிற்கும். நோயாளியின் தோளே உருண்டை வடிவத்தை இழந்து சதுரமாகத் தெரியும். இங்கே விலகலைக் கண்டதோடு கண்ணை எடுத்துவிடுவதுதான் தவறு. மேற்கை எலும்பின் பெரிய புடைப்பு, அதாவது தலையின் வெளிப்புறத்தில் ரொட்டேட்டர் கஃப் ஒட்டும் மேடு, உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், முன்பக்க விலகலோடு அது அடிக்கடி சேர்ந்து வரும். பிறகு எலும்பின் கழுத்தில் மெல்லிய கோடு ஏதும் ஓடுகிறதா என்று தேடுங்கள். நகராத அந்த முறிவைக் கவனிக்காமல் கையை இழுத்தால், தலை தனியாகவும் தண்டு தனியாகவும் பிரிந்துவிடும். சந்தேகம் எழுந்தால் இழுப்பதை நிறுத்தி, சி.டி. எடுத்துவிட்டு, எலும்பு மருத்துவரோடு பேசுங்கள்.

பின்பக்க விலகல் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது. முதல் பரிசோதனையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது தவறிப்போகிறது என்று எலும்பியல் நூல்கள் எச்சரிக்கின்றன. நேர்ப்படத்தில் தலை கிட்டத்தட்ட அதே உயரத்தில், அதே இடத்தில் இருப்பதுபோல் தெரிவதே காரணம். ஆனால் அது சில தடயங்களை விட்டுச் செல்கிறது. கை உட்புறமாகத் திரும்பிப் பூட்டிக்கொள்வதால் பெரிய புடைப்பின் மேடு மறைந்து, தலை சமச்சீரான வட்டமாக, நான் முதலில் சொன்ன மின்விளக்குக் குமிழாகத் தெரியும். குழியின் முன் விளிம்புக்கும் தலைக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம் விழும். சாதாரண நேர்ப்படத்தில் தலையும் குழியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிறை வடிவ நிழல் உண்டாகும், அந்தப் பிறை குலையும். தலைக்குள்ளே செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு ஓடலாம். குழியின் பின் விளிம்பில் மோதி நசுங்கிய பள்ளத்தின் ஓரம் அது.

இந்த அடையாளங்களில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. வலியில் கையை வயிற்றோடு அணைத்து வைத்திருப்பவருக்கும் தலை குமிழைப் போலத் தெரியும். அதனால்தான் அக்குள் படம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வலிப்பு, மின்தாக்குதல், கையை வெளிப்புறம் திருப்ப முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், இரண்டாவது கோணம் இல்லாமல் ‘இயல்பு’ என்று எழுதவே கூடாது. வலிப்பில் இரண்டு தோளும் விலகுவது உண்டு என்பதால், மறு தோளையும் பாருங்கள். சரியான பக்கத்தோடு ஒப்பிடுகிறோம் என்று நினைத்து, விலகிய ஒன்றை விலகிய இன்னொன்றோடு ஒப்பிட்டுவிடும் அபாயம் அங்கே இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் ஒன்று உண்டு. எலும்பு முறிந்து மூட்டுக்குள் ரத்தம் கட்டினால் தலை கொஞ்சம் கீழே இறங்கித் தொங்கும். பார்த்தவுடன் கீழ்ப்பக்க விலகல் என்று தோன்றும். அக்குள் படத்தில் தலை குழிக்கு நேராக இருந்தால் அது விலகல் இல்லை. ரத்தம் வற்றி, தசைக்கு வலு திரும்பியதும் தலை தானே மேலேறிவிடும். இழுக்க எதுவும் இல்லை.

படத்தை மூடுவதற்கு முன் அதன் மூலைகளையும் பாருங்கள். தோள் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியும் சில விலா எலும்புகளும் விழுகின்றன. வண்டியிலிருந்து விழுந்தவருக்கு விலா முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருப்பது அந்த மூலையில்தான் முதலில் தெரியலாம்.

நான்காம் படி: பொருத்திய பிறகு மீண்டும் படம்

மூட்டு ‘டொக்’ என்று உள்ளே போனதும் நோயாளியின் முகம் தெளிந்துவிடும், மருத்துவருக்கும் நிம்மதி. அப்போதும் படம் எடுங்கள். தலை உண்மையிலேயே இடத்தில் இருக்கிறதா, இழுத்ததில் புதிதாக ஏதும் உடைந்ததா, பெரிய புடைப்பின் உடைந்த துண்டு தன் இடத்துக்குத் திரும்பியதா என்ற மூன்று கேள்விகளுக்கு அது விடை தரும். துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியே நின்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும்.

முதல் படத்தில் மறைந்திருந்த காயங்கள் இப்போது தலைகாட்டும். 1940இல் ஹரால்டு ஹில், மாரிஸ் சாக்ஸ் என்ற இரு அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்கள், முன்பக்கமாக விலகிய தோள்களில் எலும்புத் தலையின் பின்பக்கத்து வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் இருப்பதை விரிவாக விவரித்தார்கள். மென்மையான தலை, குழியின் கூரிய முன் விளிம்பில் மோதி நசுங்குவதால் வருவது அது. இன்றும் அதற்கு ஹில்–சாக்ஸ் பள்ளம் என்றே பெயர். கையை உட்புறம் திருப்பி எடுத்த நேர்ப்படத்தில் தெரியும், வெளிப்புறம் திருப்பினால் மறைந்துவிடும். உள்ளங்கையைத் தலைமேல் வைத்து, கதிரை 10 பாகை மேல்நோக்கிச் சாய்த்து எடுக்கும் ஸ்ட்ரைக்கர் படம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும்.

அந்த மோதலின் மறுபக்கம் குழியில் இருக்கிறது. விளிம்பின் முன்–கீழ்ப் பகுதியில் லேப்ரம் பிய்ந்து போவதை இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பிளண்டெல் பேங்கார்ட் 1923இல் எழுதினார். ஜெர்மனியில் கியோர்க் பெர்தெஸ் 1906லேயே இதைக் கண்டிருந்தார், ஆனால் பெயர் நிலைத்தது பேங்கார்ட்டுக்கு. லேப்ரத்தோடு எலும்புச் சில்லும் பெயர்ந்து வந்தால் அது எலும்புப் பேங்கார்ட் காயம். எக்ஸ்ரேயில் குழியின் கீழ் விளிம்புக் கோடு திடீரென்று அறுந்துபோனதுபோல் தெரிந்தால், சில்லு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாம் படி: அல்ட்ராசவுண்டை எப்போது எடுப்பது

அவசர சிகிச்சைப் பிரிவில் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், தோளின் பின்புறம் குறுக்காக வைத்துப் பார்க்கலாம். குழியின் விளிம்பும் தலையின் வளைவும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். முன்பக்க விலகலில் தலை கருவியை விட்டு ஆழத்துக்குப் போயிருக்கும், பின்பக்க விலகலில் கருவியை நோக்கி நெருங்கி வந்திருக்கும். பொருத்தியதும் மூட்டு உள்ளே போனதா என்று படுக்கையிலேயே பார்த்துவிடலாம், மயக்கம் தெளிவதற்குள் விடை தெரிந்துவிடும். எலும்பு முறிவைத் தேட இது போதாது. எக்ஸ்ரேக்கு இது துணை, மாற்று இல்லை.

ஆறாம் படி: சி.டி., எலும்பின் கணக்கு

மூட்டு மீண்டும் மீண்டும் கழன்றுகொண்டே இருப்பவருக்கும், முறிவு சிக்கலாக இருப்பவருக்கும், பின்பக்கம் பூட்டிக்கொண்ட விலகலுக்கும் சி.டி. தேவை. தோளுக்கான சி.டி.யின் கதிரியக்க அளவு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட், எக்ஸ்ரேயைப் போலப் பல மடங்கு. காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம். காரணம் இருந்தால் தயங்கவும் வேண்டாம்.

1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்து முப்பரிமாணமாக மாற்றி, கணினியில் எலும்புத் தலையை நீக்கிவிட்டு, குழியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் அகல் விளக்கு மறுபடி வருகிறது. நல்ல குழியின் கீழ்ப்பகுதியில் ஒரு முழு வட்டம் கச்சிதமாகப் பொருந்தும். ஒவ்வொரு விலகலிலும் முன்–கீழ் விளிம்பு உடைந்தோ தேய்ந்தோ போனால் வட்டத்தின் ஒரு பக்கம் வெறுமையாகும். அதிகம் போனால், கீழே அகன்றிருந்த பேரிக்காய் தலைகீழாகி, மேலே அகன்று கீழே குறுகும். 2000இல் ஸ்டீபன் பர்க்கார்ட்டும் ஜோ டி பீரும் 194 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், பெரிய எலும்பு இழப்பு இல்லாதவர்களில் 4 விழுக்காட்டினருக்கும், இருந்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கும் மூட்டு மீண்டும் நிலைகுலைந்தது. கிழிந்த லேப்ரத்தை மட்டும் தைத்துப் பயனில்லாத தோள் எது என்று அந்த எண்கள் உரக்கச் சொல்லின.

கணக்கு கடினமில்லை. ஒருவருக்கு வட்டத்தின் விட்டம் 28 மில்லிமீட்டர், அதில் இழந்த அகலம் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5ஐ 28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18 விழுக்காடு இழப்பு. 20 முதல் 25 விழுக்காட்டைத் தாண்டினால் எலும்பையே கொண்டுவந்து பொருத்தும் அறுவை சிகிச்சை, அதாவது கொரகாய்டு முனையை வெட்டிக் குழியின் முன்னே பதிக்கும் லடார்ஜே முறை, பேச்சுக்கு வரும். அதைவிடக் குறைந்த இழப்பும் விளையாட்டு வீரர்களைப் பாதிக்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுவதால், இந்த எல்லையைக் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, குழியின் இழப்பையும் தலையின் பள்ளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையைத் தூக்கித் திருப்பும்போது குழி, தலையின்மேல் ஒரு தடத்தில் உருண்டு போகிறது. தடத்தின் அகலம், விட்டத்தில் 83 விழுக்காடு. அதிலிருந்து இழந்த அகலத்தைக் கழிக்க வேண்டும். நம் உதாரணத்தில் 28இன் 83 விழுக்காடு 23.2, அதில் 5 போனால் சுமார் 18 மில்லிமீட்டர். ரொட்டேட்டர் கஃப் ஒட்டியிருக்கும் இடத்தின் உள் ஓரத்திலிருந்து ஹில்–சாக்ஸ் பள்ளத்தின் உள் ஓரம் வரை அளந்தால் 21 மில்லிமீட்டர் வருகிறது என்று கொள்வோம். பள்ளம் தடத்தைத் தாண்டிவிட்டது. கையைத் தூக்கும்போது குழியின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் மாட்டி, சக்கரம் குழியில் இறங்குவதுபோல மூட்டு வெளியே வந்துவிடும். 18க்குள் இருந்தால் விளிம்பு பள்ளத்தில் இறங்காமல் எலும்பின் மேலேயே ஓடும். அறுவை மருத்துவர் பள்ளத்தைத் தசைநாணால் நிரப்புவதா, எலும்பு வைப்பதா என்று முடிவெடுப்பது இந்த 3 மில்லிமீட்டரைப் பார்த்துத்தான். அளவுகளை எழுதாத சி.டி. அறிக்கை பாதி அறிக்கைதான்.

ஏழாம் படி: எம்.ஆர்.ஐ., மென்திசுக்களின் கதை

லேப்ரம், தசைநார், நாண் ஆகியவை எக்ஸ்ரேயில் தெரியாதவை. அவற்றுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதுவும் சரியான நேரத்தில். விபத்து நடந்த முதல் ஓரிரு வாரங்களில் மூட்டுக்குள் ரத்தமும் நீரும் நிறைந்திருக்கும். அது லேப்ரத்தின் கிழிசலுக்குள் புகுந்து, ஊசி போடாமலே படத்தை விளக்கிக் காட்டும். அந்த நாள்கள் கடந்துவிட்டால், படத்தில் பளிச்சென்று தெரியவைக்கும் நீர்த்த கெடோலினியம் மருந்தை 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை மூட்டுக்குள் செலுத்தி எடுக்கும் எம்.ஆர். ஆர்த்ரோகிராம் துல்லியம் தரும். முதல் தடவை விலகிய இளம் விளையாட்டு வீரரிடம் ‘வலி குறைந்ததும் ஸ்கேன் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது, இயற்கை இலவசமாகக் கொடுத்த வாய்ப்பை வீணாக்குவது.

படத்தில் முதலில் எலும்பின் உள்ளே பாருங்கள். தலையின் பின்–வெளிப்புறத்தில் நீர்க்கோப்பு வெள்ளையாகத் தெரிந்தால், விலகல் முன்பக்கமாக நடந்தது என்பதற்கு அது கைரேகை. மூட்டு தானே உள்ளே போய்விட்டு, ‘விலகியதா இல்லையா’ என்று நோயாளிக்கே உறுதியில்லாதபோது இது கைகொடுக்கும். ஹில்–சாக்ஸ் பள்ளத்தைத் தேடும்போது கொரகாய்டின் மட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள வெட்டுகளைப் பாருங்கள். அதற்குக் கீழே தலையின் பின்புறம் இயல்பாகவே தட்டையாகும், அதைக் காயம் என்று எழுதிவிடக் கூடாது.

லேப்ரம் எப்படிப் பிய்ந்தது என்பதிலும் வகைகள் உண்டு. முழுவதும் அறுந்து மிதப்பது பேங்கார்ட். எலும்பின் மேலுறையோடு உரிந்து, பாய் சுருட்டியதுபோலக் குழியின் கழுத்துக்கு உள்பக்கம் சுருண்டு ஒட்டிக்கொள்வது அல்ப்ஸா. அதை அவிழ்த்து மேலே கொண்டுவராமல் தைத்தால் பலன் நிற்காது, ஆகவே அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும். மேலுறை அறாமல் லேப்ரம் தன் இடத்திலேயே கிடப்பது பெர்தெஸ் காயம். நோயாளியின் கையைத் தலைக்கு மேல் வைத்து வெளிப்புறம் திருப்பிய நிலையில் எடுத்தால்தான் அது வாய் திறக்கும். சிலருக்கு லேப்ரம் தப்பி, கீழ்ப்புறத் தசைநார் மறுமுனையில், எலும்புத் தலையின் பக்கத்தில் பிய்ந்திருக்கும். அதன் பெயர் ஹாகல். மருந்து நிரம்பிய மூட்டின் அடிப்பை இயல்பாக ஆங்கில யு வடிவில் தொங்கும், தசைநார் பிய்ந்தால் அது ஜே ஆகிவிடும். குழியின் விளிம்பை மட்டுமே பார்த்துவிட்டு எழுந்தால் இதைக் கோட்டைவிடுவோம்.

இன்னொரு எச்சரிக்கை. குழியைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், வலது தோளில் முன்பக்கம் 3 மணி. பேங்கார்ட் காயம் 3க்கும் 6க்கும் நடுவே. 1 முதல் 3 மணி வரையிலான முன்–மேல் பகுதியில் லேப்ரம் பிறவியிலேயே ஒட்டாமலும், சிலருக்கு இல்லாமலும் இருக்கும். அங்கே கிழிசல் போலத் தெரிவதை உடனே காயம் என்று எழுதி, நல்ல தோளில் தையல் போட வைத்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: வயது என்ன என்று கேளுங்கள்

ஒரே விலகல், இருபது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் வேறு வேறு நோய். இளையவருக்கு லேப்ரமும் எலும்பு விளிம்பும் கிழிகின்றன. விலகல் திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம், எனவே எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் சி.டி.யும் சீக்கிரம் எடுப்பதில் பயன் உண்டு. நாற்பதைத் தாண்டியவருக்கு விலகல் திரும்புவது குறைவு, ஆனால் ரொட்டேட்டர் கஃப் கிழிந்திருக்கும். மூட்டைப் பொருத்திய இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் கையைத் தூக்க முடியவில்லை என்று ஒரு பெரியவர் சொன்னால், ‘வயசாயிடுச்சு, மெதுவாகத்தான் சரியாகும்’ என்று அனுப்பாதீர்கள். நாண் அறுந்ததா, அக்குள் நரம்பு அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்டே நாண் கிழிசலைக் காட்டிவிடும். நரம்பு அடிபட்டிருந்தால் டெல்டாய்டும் டீரெஸ் மைனர் தசையும் எம்.ஆர்.ஐ.யில் வெளுத்துத் தெரியும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. கிழிந்த நாண் மாதக்கணக்கில் சுருங்கி, தசை கொழுப்பாகிவிட்டால் தைக்க எதுவும் மிஞ்சாது.

ஒன்பதாம் படி: அறிக்கையும் படங்களும்

அறிக்கையின் முதல் வரியில் எத்தனை கோணம் எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். ஒரே கோணம்தான் என்றால், ‘இந்தப் படத்தால் பின்பக்க விலகலை மறுக்க முடியாது, அக்குள் அல்லது வெல்போ படம் தேவை’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிறகு விலகிய திசை, பெரிய புடைப்பு, எலும்பின் கழுத்து, குழியின் விளிம்பு, தலையின் பள்ளம் என வரிசையாகச் சொல்லுங்கள். சி.டி. என்றால் விட்டம், இழப்பு, தடத்தின் அகலம், பள்ளத்தின் தூரம் ஆகிய நான்கு எண்களையும் தாருங்கள்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டைப் பொருத்துவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைத் தொலைத்துவிடாதீர்கள். பொருத்திய பிறகு எடுத்த அழகான படத்தை மட்டும் கோப்பில் வைத்து, முந்தையதைத் தூக்கிப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். தோள் எந்தப் பக்கம் விலகியது என்பதற்கு அந்த முதல் படம்தான் நேரடிச் சாட்சி. சில ஆண்டுகள் கழித்து மறுபடி கழன்று, வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போய் நிற்கும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அந்தப் படத்தைக் கைபேசியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.